தமிழ் மீடியத்தில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். இந்த வகுப்புக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

முதலில் அந்த ஒதுக்கீட்டுக் கூச்சத்தை ஓரம் வையுங்கள். 2021-ல் சட்டமாக வந்தது அது. யாரும் போட்ட பிச்சை இல்லை. பிளஸ் டூ வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தேதான் அச்சாகியிருந்தது. கட்ஆஃபும் எல்லாருக்கும் 200-க்குத்தான். "அவங்களுக்குக் கட்ஆஃப் குறைவுதானே?" என்று கமெண்டில் வரப்போகிறவர்கள், தங்கள் டியூஷன் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வரட்டும்.

உங்களுக்கு இப்போது இடிப்பது கலைச்சொற்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கில வழிப் புத்தகங்களைத் தரவிறக்கி, உங்கள் தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் புரட்டுங்கள். பாடமும் படமும் ஒன்றேதான். அணிக்கோவை என்று படித்தது டிடர்மினன்ட், தொகையிடல் இன்டக்ரேஷன், உந்தம் மொமென்டம். நாளைக்குப் பத்துச் சொல் போதும். கணக்கில் தொடங்குங்கள், முதல் வருடத்திலேயே மேட்ரிக்ஸும் கால்குலஸும் வந்துவிடும். அங்கே ஐகன் வேல்யூ, கேலி-ஹாமில்டன் தேற்றம் எல்லாம் பிளஸ் டூவில் இல்லாதவை. ஆங்கில மீடியம் பையனும் அங்கே முழிப்பான். அவன் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆங்கிலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சு மெதுவாக வரட்டும், முதலில் பரீட்சையைப் பிடியுங்கள். அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷன்படி இரண்டு மார்க் கேள்வி பத்து, பதிமூன்று மார்க் கேள்வி ஐந்து, பதினைந்து மார்க் கேள்வி ஒன்று. தேற மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதமாவது வேண்டும். (தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ, அதற்குப் பிந்தைய ரெகுலேஷன் என்றாலோ உங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) பலர் அரியர் வைப்பது பத்தி பத்தியாக மனப்பாடம் செய்வதால்தான், நடுவில் ஒரு வரி மறந்தால் மீதி முழுதும் போய்விடும். படத்தை முதலில் போட்டு, பாகங்களுக்குப் பெயர் எழுதி, ஒவ்வொரு பாகத்துக்கும் ஐந்தாறு சொல்லில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். இலக்கணம் கொஞ்சம் உதைத்தாலும் மார்க் விழும்.

சந்தேகத்தை ஒரு சீட்டில் ஒற்றை வரியாகக் குறித்து ஸ்டாஃப் ரூமில் போய்த் தமிழிலேயே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தமிழிலேயே விளக்கிவிடுவார்கள். வெட்கப்பட்டு வகுப்பைக் கட் அடித்தால் 75 சதவீத வருகைப்பதிவில் மாட்டுவீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கட்டண விவரம் சரிபார்க்கிறேன் என்று வகுப்பு நடுவே "7.5 பசங்க எல்லாம் எழுந்திரு" என்கிற வாத்தியார்களை என்ன சொல்வது? உங்கள் கட்டணத்தை அரசு கட்டுகிறது. பட்டியல் ஆபீஸில் இருக்கிறது. எழுப்பி நிறுத்தித்தான் எண்ண வேண்டுமா?

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மேலே சொன்னதெல்லாம் அப்புறம். 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழில் பேசலாம்.