இளையோர் ஏன் நம் கடைக்கு வருவதில்லை? மலையக வணிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஹட்டனில் நீண்ட காலமாகப் புடவைக் கடை நடத்துகிறேன். பெற்றோர் உள்ளே வந்து துணி பார்க்கும்போது, பிள்ளைகள் வாசலில் கைத்தொலைபேசியுடன் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன குறை?

பதில்: அவர்கள் வாசலில் சும்மா நிற்கவில்லை, உங்கள் துணியின் விலையை வேறிடத்து விலையோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் உங்கள் கடையில் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்து வந்த பிள்ளைகளுக்கு விலைச்சீட்டு இல்லாத துணி சந்தேகத்தையே தருகிறது.

இதைவிடப் பெரிய குறை பேச்சில் இருக்கிறது. கொழுந்து பறித்துக் கறை படிந்த தாயின் விரல்களைப் பார்த்துவிட்டு, "அது விலை கூட, உங்களுக்குச் சரிவராது" என்று விற்பனையாளர் மலிவான துணியை எடுத்துப் போட்டால், அருகில் நிற்கும் உயர்தர மாணவி அந்தக் கடைப் படியை மறுபடி மிதிக்கமாட்டாள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்த நிலையை முடிவுக்குக் கொண்டுவந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிறந்தவர்கள் இப்போது உங்கள் வாடிக்கையாளர்களாகியிருக்கிறார்கள். தாத்தா பொறுத்துக்கொண்டதைப் பேத்தி பொறுக்கமாட்டாள். பொறுக்கவும் கூடாது என்பதே என் கருத்து. ஆகவே கேட்ட துணியை முதலில் காட்டுங்கள். வாங்குவதா இல்லையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

கேள்வி: தலவாக்கலையில் பேக்கரி வைத்திருக்கிறேன். டிக்டொக்கில் ஆடிப் பாடினால்தான் இளையோர் வருவார்களா?

பதில்: தேவையில்லை. அடுப்பிலிருந்து பாண் வெளிவரும் நேரம், கேக்கின் விலை, கடை மூடும் நேரம் ஆகியவற்றைக் காட்டும் சிறு காணொளி போதும். வட்ஸ்அப்பில் வரும் கேள்விக்கு அன்றே பதில் அனுப்புங்கள். வாடிக்கையாளரின் முகத்தை அவருடைய அனுமதியின்றிப் பதிவிடவேண்டாம்.

கேள்வி: பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் இணையத்தில் வாங்குகிறார்கள். சிறு கடை எப்படிப் பிழைக்கும்?

பதில்: அந்தப் பொதி அவர்கள் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பல லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதமே தோட்டத்தின் பெயருக்கு வந்து, யார் கையிலோ தங்கி, பிந்திச் சேரும் இடம் அது. பொதி கொண்டுவருபவர் தோட்டத்தின் மேல் பிரிவு வரை ஏறாமல் நகரத்திலிருந்தே அழைப்பார். பிள்ளை அரைநாளை இழந்து பஸ் ஏறி வரவேண்டும். விநியோக நிறுவனத்தோடு பேசி, பொதிகளைப் பொறுப்பேற்றுப் பாதுகாத்துக் கொடுக்கும் இடமாக உங்கள் கடையை மாற்றுங்கள். பெறுபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு கொப்பியில் பதிந்து, கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். பொதியை எடுக்க வருபவர் சவர்க்காரமும் ரீசார்ஜும் உங்களிடமே வாங்குவார். பெரிய இணையக் கடைகளால் கொடுக்க முடியாத ஒன்று, மலைப்பாதையின் முடிவில் இருக்கும் உங்கள் கதவு.

கேள்வி: தோட்டத்தில் பத்தாம் திகதி கிடைக்கும் சம்பளத்தை நம்பிக் கடன் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் அதில் குறை காண்கிறார்கள்.

பதில்: கொழும்பிலிருந்து பணம் அனுப்பி அந்தக் கடனை அடைப்பவர் பல வீடுகளில் மகனோ மகளோதான். எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பொருள், அளவு, விலை மூன்றையும் எழுதி, மாத முடிவில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கைத்தொலைபேசியால் பணம் செலுத்த உதவும் லங்கா கியூஆர் அட்டை ஒன்றையும் கல்லாவில் வையுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் எங்களுக்குக் கருத்துச் சொல்ல இளையோரை எங்கே தேடுவது?

பதில்: தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்புகிறார்களே, அந்த நாட்களில் வருபவர்களிடம் "தம்பி, தங்கச்சி, இங்கே கிடைக்காமல் கொழும்பில் வாங்கி வந்தது என்ன?" என்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பண்டிகைக்கு முன் அவற்றில் இரண்டையாவது கடையில் வைத்திருங்கள்.