கடல் பிளாஸ்டிக்கை அள்ளி மறுசுழற்சி செய்தால் போதாதா?

கடலில் மிதப்பதை எல்லாம் அள்ளி மறுசுழற்சி செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தீராது. காரணம் அந்தப் பொருளிலேயே இருக்கிறது.

நெடுநாள் கடலில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிறம் வெளுத்து, மேலெல்லாம் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. உருக்கி வார்த்தாலும் பழைய வலு வராது. போதாததற்கு உப்பு, மணல், ஒட்டிக்கொண்ட சிப்பிகள். கழுவவே நிறைய நன்னீர் செலவாகும். அப்புறம், 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளாக உடைந்ததை அள்ளப்போனால் நுண்ணிய கடலுயிர்களும் சேர்ந்தே வந்துவிடும்.

மீன்பிடி வலை மட்டும் விதிவிலக்கு. நைலான் 6 என்ற வகைப் பிளாஸ்டிக்கால் ஆன வலைகளை வேதி முறையில் காப்ரோலாக்டம் என்ற மூலப்பொருளாகவே பிரித்து, மறுபடி புது நூலாக்க முடிகிறது. கைவிடப்பட்ட வலை ஆமைகளையும் மீன்களையும் கொன்றுகொண்டே இருக்கிறது. முதலில் அகற்ற வேண்டியது அதைத்தான் என்பேன்.

மற்றவற்றை ஆற்று முகத்துவாரத்திலேயே மறிப்பது மேல். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 2014 முதல் நீரோட்டத்தாலும் சூரிய சக்தியாலும் சுழலும் ஒரு சக்கரம் குப்பையை வாரித் தொட்டியில் போடுகிறது. அதற்கும் முன்னால், குப்பை ஆற்றில் சேருமுன்பே செய்ய வேண்டியது அதைத் தரம் பிரித்தல். 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக்கில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய உறைகளைப் பிரிப்பது மிகக் கடினம். அவற்றைத் தயாரிப்பதையே குறைக்க வேண்டும்.