போபாலிலிருந்து பச்மடி வரை பாறை ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே சைக்கிளில் போக முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகப் போகலாம். ஆனால் நாள் கணக்கைக் கிலோமீட்டரை வைத்துப் போடாதீர்கள், வெயிலை வைத்துப் போடுங்கள்.

தூரம் என்று பார்த்தால் சுமார் 200 கி.மீ.தான். போபால் முதல் பீம்பேட்கா (பாறை ஓவியங்கள் உள்ள குன்றுப்பகுதி) 45, அங்கிருந்து நர்மதாபுரம் (பழைய ஹோசங்காபாத்) ஏறக்குறைய 35, பிறகு பிப்பரியா 70, பச்மடி 50 சொச்சம். நன்றாக மிதிப்பவர் இரண்டே நாளில் முடித்துவிடலாம்; ஓவியம் ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது. ஐந்தாறு நாள் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம்.

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் போபாலில் நிற்கும். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யும்முன் பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பின்சக்கரத்தருகே கியர் மாற்றும் பாகத்தை (டீரெய்லியர்) சுற்றி அட்டை கட்டுங்கள். நீங்கள் ஏறிய வண்டியிலேயே சைக்கிளும் வரும் என்று நம்பாமல் ஒரு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பீம்பேட்காவை 1957இல் தொல்லியலாளர் வாகண்கர் கண்டறிந்தார். 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பாறை ஒதுக்கிடங்களில் 15 மட்டுமே பார்வையாளருக்கு. முந்தைய இரவு அருகில் தங்கி, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். நேர்வெயில் பட்ட பாறையில் செங்காவிக் கோடுகள் வெளிறிப்போகும். நிழலில்தான் தெளிவாகத் தெரியும். பார்த்த பாறைக்கே இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள், முன்பு தெரியாத மான் ஒன்று தெரியும். நான்காம் எண் பாறையில் ஒன்றின்மேல் ஒன்றாக விலங்குகள். வாளேந்திய குதிரை வீரர்கள் இருந்தால் அது வரலாற்றுக் காலத்தது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எது மேலே, எது அடியில் என்று பாருங்கள், காலவரிசை ஓரளவு பிடிபடும்.

நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று தண்ணீர் தெளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீர் காயும்போது உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும், காவியும் உதிரும். ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்து, பிறகு டி-ஸ்ட்ரெட்ச் மென்பொருளில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் கோடுகள்கூட எழுந்து வரும்.

கூரைகளில் மலைத்தேனீ கூடு கட்டும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் ஆகாது. (2021இல் இங்குள்ள பெரிய குகையின் கூரையில் 55 கோடி ஆண்டுப் பழமையான டிக்கின்சோனியா என்ற ஆதி உயிரினத்தின் புதைபடிவம் இருப்பதாக அறிவித்தார்கள். 2023இல் பார்த்தால் அது பழைய தேன்கூட்டின் தடம்!) லங்கூர் குரங்குகளுக்குப் பையின் ஜிப் ஒரு பொருட்டல்ல, தின்பண்டத்தைச் சைக்கிளில் விட்டுப் போகாதீர்கள். கிளீட் (பெடலில் மாட்டும் கொக்கி) வைத்த ஷூ பாறையில் வழுக்கும், சாதா ரப்பர் அடி போதும்.

அடுத்து ரதாபானி காட்டை ஒட்டிப் போய், விந்திய இறக்கத்தில் புத்னி வந்து, நர்மதையைக் கடக்க வேண்டும். லாரிகள் அதிகம், புலி நடமாடும் காடு; பொழுது சாயுமுன் கடந்துவிடுங்கள். நர்மதாபுரத்தில் பாறை ஓவியங்கள் உள்ள ஆதம்கட் குன்றுக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

உண்மையான உழைப்பு பச்மடி ஏற்றத்தில்தான். பிப்பரியாவிலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரம், பெரும்பகுதி மட்குலிக்குப் பிறகு. பையோடு ஏற, முன்னால் 34 பல், பின்னால் 34 பல் கொண்ட கியராவது வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீர் வையுங்கள். இறங்கும்போது பிரேக்கை இடைவிடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும், விட்டுவிட்டுப் பிடியுங்கள். பச்மடியில் பல ஓவியக் குகைகள் காப்புக்காட்டுக்குள் இருப்பதால், வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் தேவை. போனதும் முதல் வேலையாக அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர் 35 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். சாலையோரம் கருவேல முள். இரண்டு டியூப், எட்டுப் பத்து ஒட்டுகள் வையுங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்; ஒடிந்த முள்முனை அங்கேயே இருந்தால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி காற்று இறங்கும்.