மோனிக்காவின் வீடு

அண்ணா, வணக்கம்.

நீங்கள் சொன்னீர்கள் என்று மைக் லீயின் ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ படம் பார்த்தேன். சின்தியா எதற்கெடுத்தாலும் அழுகிறாள், மகள் றோட்டுக் கூட்டுகிறாள், தம்பி பெண்சாதி மோனிக்காவுக்கு வீட்டு அலங்காரத்தை விட்டால் வேறு நினைப்பில்லை. தத்துக் கொடுத்த பிள்ளை தாயைத் தேடி வருகிறது என்பதும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. இதற்கா 1996இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது கொடுத்தார்கள்?

(உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி. பெயர் போட வேண்டாமாம்.)

அன்புள்ள தங்கச்சி,

சின்தியாவின் அழுகை எனக்கும் முதல் தடவை தலையிடிதான். ஆனால் தேநீர்க் கடையில் அவளும் தேடி வந்த அந்தப் பிள்ளை ஹோர்டன்ஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். கேமரா அசையவே இல்லை, நான் உன் அம்மாவாக இருக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று எதுவோ ஞாபகம் வருகிறது, அந்த முகத்தை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருத்தியின் முகத்துக்கு இவ்வளவு நேரம் யார் கொடுப்பார்கள்? றோட்டுக் கூட்டுவதும் அப்படித்தான், வேலையை வேலையாகவே காட்டுகிறார்கள்.

சரி, நீங்கள் தவறவிட்டது மோனிக்காவை. பிள்ளை வேண்டாமென்று இருப்பவள், தம்பியைத் தகப்பனாக விடாதவள் என்றுதான் சின்தியா அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாள், நாமும் சேர்ந்து நினைக்கிறோம். றோட்டுக் கூட்டுகிற மகள் ரொக்சானின் 21ஆவது பிறந்தநாள் விருந்தில்தான் உடைகிறது: மோனிக்காவுக்குப் பிள்ளை பெற முடியாது. அத்தனை வருடமும் புருஷனும் பெண்சாதியும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருந்தார். முற்றத்தில் ஒரு சருகு கிடக்க விடமாட்டார், பந்தெடுக்கப் போனால் காலைக் கழுவிவிட்டு வரச் சொல்லுவார். வெள்ளிக்கிழமை பத்திரகாளி கோயிலில் கண்டால் பெண்கள் “என்ன பிள்ளை, இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையோ?” என்று கேட்பார்கள், அவர் சிரித்துவிட்டு வீதி சுற்றப் போய்விடுவார். பிள்ளைகளைப் பிடிக்காத மனுசி என்று எங்கள் அம்மா உட்பட எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். இடைக்கிடை விடியப்புறம் கொழும்பு பஸ் ஏறுவாரே, அது சாறி வாங்கத்தான் என்றும் நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அவர் செத்து ஒரு வருடம் கழித்து, புருஷன் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது பழைய பேப்பர் என்று ஒரு பையை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அடுப்பு மூட்ட எடுத்த அம்மா திறந்து பார்த்தால், அவ்வளவும் கிளினிக் துண்டுகள். அன்றைக்கு அம்மா அடுப்பு மூட்டவில்லை, பாண் வாங்கிவரச் சொன்னார்.

மோனிக்கா தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற இடத்தை மட்டுமாவது இன்னொரு தடவை பாருங்கள், தங்கச்சி.