ஹேசல் கேள்வி-பதில்: பிப்ரவரித் தபால்

பிப்ரவரி வந்தால் போதும், ஹேசல் (ஹேசல்நட் கொட்டை காய்க்கும் செடி) வைத்திருப்பவர்களின் கடிதங்கள் குவிந்துவிடும். வேலியோரம் மஞ்சள் சரங்கள் தொங்கத் தொடங்கியதும்தான் பலருக்குச் செடி ஞாபகமே வருகிறது. இந்த முறையும் பாதிப் பேர் ரகத்தின் பெயரை எழுதவில்லை. இரண்டு பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றுகூட எழுதவில்லை. முடிந்தவரை சொல்கிறேன்.

கே: கோப்நட், ஃபில்பர்ட், ஹேசல்நட் மூன்றும் வேறு வேறா? (ஹாரோ)

தின்பவருக்கு மூன்றும் ஒன்றுதான். பச்சை உறை கொட்டையைவிடக் குட்டையாக இருந்தால் கோப், கொட்டையைத் தாண்டி நீண்டால் ஃபில்பர்ட் என்பது பழைய கணக்கு. அதன்படி பார்த்தால் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துப் புகழ்பெற்ற கென்டிஷ் கோப் ஒரு ஃபில்பர்ட். 1830 வாக்கில் வந்த ரகம். பெயர் தவறாக ஒட்டிக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டது.

கே: விட்ச் ஹேசலில் எத்தனை வருஷத்தில் கொட்டை கிடைக்கும்? (லூட்டன்)

கிடைக்காது. அது ஹேசலே இல்லை.

கே: எட்டு வருஷமாக ஒரு ஹேசல் செடி இருக்கிறது. சரம் சரமாகப் பூக்கிறது, ஒரு காய்கூட இல்லை. உரம் போதவில்லையா? (குரோய்டன்)

உரம் இருக்கட்டும், ஜோடி எங்கே? நீங்கள் பார்க்கிற சரங்கள் எல்லாம் ஆண் பூக்கள். பெண் பூவைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். நாளைக் காலை ஒரு குச்சியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். சற்றே பருத்த மொட்டின் நுனியில், குங்குமப்பூ இழையை நறுக்கி ஒட்டியதுபோல் நாலைந்து சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருக்கும். சில மில்லிமீட்டர்தான். அதுதான் உங்கள் கொட்டை.

ஆணும் பெண்ணும் ஒரே செடியில் இருந்தாலும் ஹேசல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே ரகத்தில் இன்னொன்று வாங்கி வைத்தாலும் பயனில்லை. எல்லாமே பதியத்திலோ ஒட்டிலோ வந்தவை. இரண்டு கென்டிஷ் கோப் என்பது இரண்டு இடத்தில் நிற்கும் ஒரே செடி. வேறு ரகம் வேண்டும், அதுவும் ஒத்துப்போகிற ரகம். கென்டிஷ் கோப் என்றால் காஸ்ஃபோர்ட், குன்ஸ்லபர்ட் போன்றவை சரியாக வரும். மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்றுதான், தேனீ இல்லை. ஒரு ஐம்பது மீட்டருக்குள் இருந்தால் நல்லது.

இதில் எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. இருபது வருஷத்துக்கு முன் ஒரு நாற்றங்காலில் 'தனியாகவே காய்க்கும்' என்று அட்டை தொங்கிய செடியை நம்பி வாங்கினேன். ஆறு வருஷம் இலை மட்டும் கூட்டிப் பெருக்கினேன். போய்க் கேட்டதற்கு, 'பக்கத்து வீட்டில் ஏதாவது ஹேசல் இருக்குமே' என்றார்கள். பக்கத்து வீட்டில் இருந்தது கார் நிறுத்துமிடம். அந்த அட்டையை இன்றைக்கும் கடைகளில் பார்க்கிறேன். அட்டையை நம்பாதீர்கள், ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வருஷத்துக்கு ஒரு கைவைத்தியம்: தெரிந்தவர் தோட்டத்து ஹேசலில், வேறு ரகமாகப் பார்த்து, சரம் விரியப்போகிற நாலு கிளையைக் கேட்டு வெட்டி வந்து, வாளித் தண்ணீரில் நிறுத்தி உங்கள் செடிக்குள் வையுங்கள். காற்று பார்த்துக்கொள்ளும். உடனே காய் தேடாதீர்கள். இப்போது விழுகிற மகரந்தம் உள்ளே காத்திருந்து, மே, ஜூன் வாக்கில்தான் கருவாகும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும்.

கே: காய் நன்றாகப் பெருத்தது, உடைத்தால் காலி. (ஸ்கார்பரோ)

ஹேசலில் ஓடுதான் முதலில் முழு அளவுக்கு வளரும், பருப்பு பிறகுதான் நிரம்பும். நிரம்புகிற ஜூலையில் மண் காய்ந்தால் பருப்பு சூம்பிவிடும். பத்துக்கு ஒன்று காலியென்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் ஒன்டாரியோவில் இருப்பதால் இன்னொன்று: கிளையில் கறுப்புக் கொப்புளங்கள் வரிசை கட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது கிழக்கு ஃபில்பர்ட் கருகல் நோய். புண்ணுக்குக் கீழே மூன்றடி தள்ளி வெட்டி எரியுங்கள். ஐரோப்பிய ரகங்கள் பல அதைத் தாங்காது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் தந்த ஜெஃபர்சன், யாம்ஹில் மாதிரி எதிர்ப்புள்ள ரகமாகக் கேளுங்கள். பெயரைக் கேளுங்கள்!

கே: ஓட்டில் குண்டூசித் தலை அளவு ஓட்டை. (பெயர், ஊர் இல்லை)

கூன்வண்டு. புழு தின்று முடித்துவிட்டு வெளியே போன வழி அது. உதிர்ந்ததைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

கே: அணில் எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது. (ரெடிங்)

ஆமாம், தின்னும். ஒன்றிரண்டு செடி வைத்திருப்பவருக்கு வழி, அதை முந்துவதுதான். ஆகஸ்ட் கடைசியில் உறை பச்சையாக இருக்கும்போதே பறியுங்கள். அந்தப் பருப்பு மொறுமொறுவென்று, லேசான பால் இனிப்போடு இளந்தேங்காயை ஞாபகப்படுத்தும். பச்சைக் காய் அதிக நாள் தாங்காது, குளிர்பெட்டியில் வையுங்கள். கூண்டு வைக்க நினைத்தால் ஒன்று: பிடித்த சாம்பல் அணிலை வேறெங்காவது கொண்டுபோய் விடுவது இங்கே பிரிட்டனில் சட்டப்படி குற்றம்.

கே: இணையத்தில் 700 ரூபாய்க்கு ஹேசல்நட் கன்று வாங்கினேன். இரண்டு வருஷத்தில் காய்க்கும் என்றார்கள். (கோவை)

காய்க்காது. ஹேசலுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் வேண்டும். உங்கள் ஊரில் 18 டிகிரிக்கே சால்வை எடுப்பார்கள். இந்தியாவில் ஹேசல் இருப்பது இமயமலையில். இமாச்சலத்தின் பாங்கிப் பள்ளத்தாக்கில் காட்டு மரத்துக் கொட்டையை 'தாங்கி' என்று விற்பார்கள். அந்தக் குழியில் ஒரு சப்போட்டா வையுங்கள்.

கே: வறுத்துத் தோலை எடுப்பது எப்படி? (வெம்பிளி)

ஓவனில் 180 டிகிரி, பத்து நிமிஷம். பக்கத்திலேயே நில்லுங்கள், போன் எடுக்கப் போனால் கருகும். சூட்டோடு துண்டில் மூட்டையாகக் கட்டி, ஐந்து நிமிஷம் விட்டுத் தேயுங்கள். பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஹேசல் தின்றால் வாய் அரிக்கலாம். வறுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

கே: அடியில் வரும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டு ஜோடியாக்கலாமா? (லெஸ்டர்)

குரோய்டன் வாசகருக்கு எழுதியதை மறுபடி படியுங்கள். அப்புறம், அடுத்த முறை படம் அனுப்பும்போது செடியைப் படமெடுங்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய் அழகுதான், ஆனால் இலை ஒன்றுகூடத் தெரியவில்லை.