இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் டென்ட், ஸ்டவ், துணிமணி எல்லாம் ஏற்றி ஒரு வாரம் கேம்பிங் போக முடியுமா? டிக்கி 130 லிட்டர்தானே, எப்படி அடுக்குவது?

தாராளமாகப் போகலாம். இரண்டு பேர் ஐந்தாறு இரவு டென்ட்டில் தூங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு வர மாஸ்டா மியாட்டா அளவுள்ள கார் போதும். "டிக்கி 130 லிட்டர்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்துத் திட்டம் போடாதீர்கள். டிக்கியின் கொள்ளளவைப் பெரும்பாலும் 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள சின்னக் கட்டைகளை மூலைமுடுக்கெல்லாம் அடுக்கி, எண்ணிச் சொல்கிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். அதனால் 130 லிட்டர் டிக்கிக்குள் 60 லிட்டர் பெட்டி ஒன்றுகூட நுழையாமல் போகலாம். அதே இடத்தில் பத்து லிட்டர் துணிப்பைகள் பத்துக்கு மேல் உட்கார்ந்துவிடும்.

பெரும்பாலும் இடிப்பது டிக்கியின் வாய்தான். உள்ளே இடம் இருக்கும், ஆனால் சாமான் வாயைத் தாண்டாது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன்பு பெரிய அட்டை ஒன்றை எடுத்து, டிக்கி வாயின் அகல உயரத்துக்கு ஒரு ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே தரை எவ்வளவு நீளம், மூடியைத் தாங்கும் கீல் கைகள் மூடும்போது எங்கே இறங்குகின்றன என்பதையும் அளந்து அட்டையிலேயே எழுதிவிடுங்கள். பல கார்களில் அந்தக் கைகள் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து டிக்கிக்குள்ளேயே இறங்கும். அவை இறங்கும் இடத்தில் ஸ்டவ், பாத்திரம் மாதிரி கெட்டியான பொருள் இருந்தால் மூடி மூடாது. வேகமாக அறைந்தால் மூடியின் தகடே வளைந்துவிடும். அந்த இரண்டு ஓரங்களிலும் துண்டு, ஸ்வெட்டர், சாக்ஸ் போன்ற அமுங்கும் பொருட்களை மட்டும் வையுங்கள்.

பைகள் எல்லாம் துணிப்பைகளாக, 10 முதல் 15 லிட்டருக்குள் இருக்கட்டும். சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம். அதன் சட்டமும் சக்கரமும் கைப்பிடிக் குழாயும் சேர்ந்து இரண்டு பேருடைய உள்ளாடைகளுக்கான இடத்தைத் தின்றுவிடும்.

டென்ட்டை அது வந்த பையிலேயே ஏற்றாதீர்கள். இரண்டு பேருக்கான எடை குறைந்த டென்ட் சுமார் 2 கிலோ இருக்கும். மடித்த கம்புகளின் நீளம் 40 முதல் 50 செ.மீ. இடத்தை அடைப்பது துணி அல்ல, அந்தக் கம்புகள்தான். கம்பை மட்டும் தனியாக எடுத்து, ஒரு நீளமான பையில் போட்டு, டிக்கியின் பின் ஓரத்திலோ பக்கச் சுவரை ஒட்டியோ படுக்க வையுங்கள். உள் கூடாரம் ஒரு பை, மழை மூடி இன்னொரு பை. முளைக்குச்சிகளைத் தடித்த துணியில் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். கூரான முளை ஒன்று காற்றடைக்கும் மெத்தையைத் தொட்டால் அன்றிரவு தரையில்தான் தூக்கம். மழை மூடியைச் சதுரமாக மடிக்கத் தேவையில்லை, மேலிருந்து அமுக்கித் திணித்தாலே கிடைக்கிற சந்துக்கேற்ப அது வளைந்துகொள்ளும்.

ஸ்லீப்பிங் பேக்குக்கும் இதே முறைதான். அதோடு தரும் உருண்டைப் பை முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு நல்லது. காருக்கு அது சரிவராது, இரண்டு உருண்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவில் வீண் இடம் விழும். 20 லிட்டர் நீர்புகாப் பை ஒன்றில் தளர்வாகப் போட்டு, உட்கார்ந்து காற்றை வெளியேற்றி, வாயைச் சுருட்டி மூடுங்கள். தட்டையான தலையணை மாதிரி ஆகிவிடும், எந்த மூலையிலும் பொருந்தும். இறகு அடைத்த பை என்றால் இடம் சேர்ந்ததும் முதல் வேலையாக வெளியே எடுத்து உதறிப் போட்டுவிடுங்கள். வெகுநேரம் அமுங்கிக் கிடக்கிற இறகு மறுபடி உப்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உப்பாவிட்டால் குளிர் தாங்காது.

அடுத்தது எடை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். மொத்த எடை மட்டும் கொடுத்திருந்தால் வெறும் காரின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் சில கையேடுகளில் ஓட்டுநருக்கென்று 75 கிலோ ஏற்கெனவே அந்த வெறும் எடைக்குள் சேர்ந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு 180 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் இருவரும் 75, 65 கிலோ என்றால் மீதி 40 கிலோதான். டென்ட் 2, ஸ்லீப்பிங் பேக் இரண்டும் 2, மெத்தைகள் 1, ஸ்டவ்வும் பாத்திரமும் கேஸும் 1, மடக்கு நாற்காலி இரண்டும் 2, துணி ஆளுக்கு 4 வீதம் 8, உணவுப் பை 8, தண்ணீர் 6 லிட்டர் என்றால் 6, கருவிகள் 3. கூட்டினால் 33 கிலோ வருகிறது. மீதி 7 கிலோவை நிரப்பப் பார்க்காதீர்கள், வழியில் ஏதாவது ஏறத்தான் செய்யும்.

அந்த எடை எங்கே உட்காருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். டிக்கி பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. இப்போதைய மியாட்டாவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 231 செ.மீ. பின் அச்சிலிருந்து 60 செ.மீ. தள்ளி 40 கிலோ வைத்தால் பின் சக்கரங்களில் 40 அல்ல, 50 கிலோ ஏறும். முன் சக்கரங்களில் இருந்த எடையில் 10 கிலோ குறையும். 1,000 கிலோவை ஒட்டிய காரில் இது கைக்குத் தெரியும்: ஸ்டீயரிங் லேசாகும், ஈரமான வளைவில் பின்பக்கம் சற்றுத் தாமதமாகத் திரும்பி அப்புறம் அதிகமாக வீசும். எனவே தண்ணீர், கருவி, உணவு டப்பா போன்ற கனமான பொருட்கள் எல்லாம் டிக்கியின் தரையில், சீட்டை ஒட்டிய சுவரோடு சாய்ந்திருக்க வேண்டும். பம்பர் பக்கம் ஸ்லீப்பிங் பேக்கும் துணியும்.

தனியாகப் போகிறீர்கள் என்றால் வேலை பாதியாகிவிடும். பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடம்தான் அந்தக் காரிலேயே கனத்துக்கு ஏற்ற இடம்: தாழ்வாகவும் இருக்கிறது, இரண்டு அச்சுகளுக்கும் நடுவிலும் இருக்கிறது. தண்ணீர் கேனை அங்கே வைத்து, நகராதபடி துணிப்பையால் முட்டுக் கொடுங்கள். சீட்டின் மேல் வைக்கிற பைக்கு சீட் பெல்ட்டை மாட்டுங்கள். சீட்டுக்குள் எடை உணரும் சென்சார் இருக்கிற கார்களில் சில கிலோ வைத்தாலே ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மணி அடித்துக்கொண்டே இருக்கும். பெல்ட் மாட்டினால் மணியும் நிற்கும், பிரேக் அடிக்கும்போது பையும் பறக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஓட்டுநர் பக்கம் உருளக்கூடிய எந்தப் பொருளும் கூடாது. பாட்டில், டார்ச், கேஸ் டப்பா இவையெல்லாம் வாய் மூடிய பைக்குள்தான் இருக்க வேண்டும். இரண்டு சீட் காரில் சீட்டுக்குப் பின்னால் வைத்த தண்ணீர் பாட்டில் இறக்கத்தில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கிவிடலாம். சிக்கினால் பெடல் கீழே இறங்காது.

கூரை திறக்கும் கார் என்றால், எப்போதும் கூரை திறந்த நிலைக்கே அடுக்குங்கள். துணிக் கூரைக் கார்களில் சீட்டுக்குப் பின்னால், கூரை மடிந்து இறங்குகிற பள்ளம் காலியாகக் கண்ணில் படும். அங்கே பையைத் திணித்துவிட்டு, மறதியாகக் கூரையை மடித்தால் பின் கண்ணாடியோ சட்டமோ போய்விடும். தகரக் கூரை மடிந்து டிக்கிக்குள் போகும் கார்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2009இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4இல் கூரை மூடியிருந்தால் டிக்கி 310 லிட்டர், திறந்தால் 180. இந்த மாதிரிக் கார்களில் டிக்கிக்குள் ஒரு தடுப்புத் திரை இருக்கும். அது தன் இடத்தில் மாட்டப்படாவிட்டால் கூரை அசையாது. வெயிலுக்குத் திறந்து, மழை வந்ததும் மூடுகிற வசதி வேண்டுமானால் அந்தத் திரைக்குக் கீழே எல்லாம் அடங்கவேண்டும். சீட் முதுகின் உயரத்துக்கு மேல் எதையும் குவிக்காதீர்கள். திறந்த காரில் அது காற்றில் பறக்கும், சடன் பிரேக்கில் உங்கள் பின்மண்டையில் வந்து இறங்கும்.

காருக்குக் கார் சில சிக்கல்கள் மாறும். முதல் இரண்டு தலைமுறை மியாட்டாவில், அதாவது 2005 வரை வந்தவற்றில், பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அதன் முனைகளில் மூடி இருக்கிறதா, வாயுவை வெளியேற்றும் சின்னக் குழாய் நசுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். டென்ட் கம்பு, முளை, வாணலி என்று உலோகம் எதுவும் அந்த மூலையில் வேண்டாம். போர்ஷ பாக்ஸ்டரில் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. முன்னது ஆழமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், உணவும் கேஸும் அங்கே. எஞ்சின் சூடு படுகிற பின் டிக்கியில் துணியும் படுக்கையும். பாக்ஸ்டர்களில் பலவற்றுக்கு டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும், பேட்டரியோ முன் மூடிக்குக் கீழே. பேட்டரி இறங்கிவிட்டால் ஜம்ப் கேபிள் உள்ளே, நீங்கள் வெளியே. கேபிளைச் சீட் பக்கம் வையுங்கள்.

சமையலுக்கு, ஒரு லிட்டர் பாத்திரத்துக்குள்ளேயே 100 கிராம் கேஸ் டப்பாவும் சின்ன பர்னரும் அடங்குகிற செட் போதும். காற்றடிக்காத இடத்தில் 100 கிராம் கேஸில் சுமார் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். ஒரு வாரத்துக்கு இருவர் என்றால் 230 கிராம் டப்பாவாக எடுங்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். வெயிலில் நிறுத்திய காரின் உள்பக்கம் அதைத் தாண்டிவிடும், அதனால் டாஷ்போர்டு, சீட் பக்கம் ஆகாது. டிக்கியிலும் சைலன்சர் தரைக்கு அடியில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, எதிர்ப் பக்கத்தில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். டப்பாவில் இருப்பது சுத்த பியூட்டேன் வாயு என்றால், தண்ணீர் உறைகிற குளிருக்குப் பக்கத்தில் அது ஆவியாகவே ஆகாது. குளிர் இடம் என்றால் புரொப்பேன் கலந்த டப்பா வாங்குங்கள். பெட்ரோல் கேன் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். இவ்வளவு சின்ன அறையில் அதன் ஆவி தலைவலி தரும், தீப்பிடிக்கும். டேங்க் பாதியானதும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உணவுப் பைக்கு 10, 12 லிட்டர் துணி கூலர் போதும். ஐஸ் கட்டிகளுக்குப் பதிலாகக் குடிதண்ணீர் பாட்டில்களையே உறைய வைத்து உள்ளே வையுங்கள். உருகினாலும் டிக்கி நனையாது, குடிக்கவும் ஆகும்.

பெரும்பாலான சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. அடைப்புத் திரவமும் 12 வோல்ட் பம்பும்தான் இருக்கும். டயர் நடுவில் ஏறிய ஆணிக்கு அது உதவும், பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது. திரவத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். கூடவே கயிறு திணிக்கும் பஞ்சர் கிட் ஒன்றை வாங்கி வையுங்கள், கையளவுதான் இருக்கும். இவையும் இழுவைக் கொக்கியும் பெரும்பாலும் டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும். மழையில், சாலையோரம், எல்லாச் சாமானையும் இறக்கினால்தான் பம்பை எடுக்கமுடியும் என்ற நிலை ஆபத்தானது. கிளம்பும் முன் அவற்றை ஒரு பையில் போட்டு, சீட்டுக்குப் பின்னாலோ டிக்கியின் வாய்ப் பக்கத்திலோ வைத்துவிடுங்கள்.

ஈர டென்ட்டுக்கு முதல் நாளே இடம் ஒதுக்குங்கள். மழை இல்லாவிட்டாலும் விடியலில் மழை மூடி பனியில் நனைந்திருக்கும். அதை உதறி, தனி நீர்புகாப் பையில் போட்டு, கடைசியாக ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள். சீட் பக்கம் போட்டால் அந்தச் சின்ன அறையின் கண்ணாடி முழுக்க ஆவி படியும். மதியம் எங்காவது நிறுத்தும்போது இருபது நிமிடம் விரித்துப் போட்டால் காய்ந்துவிடும். இரவில் மழை பெய்தால் டென்ட்டைத்தான் முதலில் போடவேண்டியிருக்கும், அதற்காகவும் அது மேலே இருக்கவேண்டும். டார்ச்சும் மழைச் சட்டையும் டிக்கியிலேயே வேண்டாம், கதவுப் பையில் இருக்கட்டும்.

டிக்கி மூடியின் மேல் பொருத்தும் ரேக்கை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். பலவற்றின் வரம்பு 20 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மூன்றாவது பிரேக் விளக்கை மறைக்கும். ரப்பர் கால்களுக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவில் தூசி சிக்கினால் பெயிண்ட் தேய்ந்துபோகும். போட்டே ஆகவேண்டும் என்றால் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, பாதுகாப்புப் பிலிம் ஒட்டிவிட்டு, மெத்தை, ஸ்லீப்பிங் பேக் போன்ற லேசானவற்றை மட்டும் கட்டுங்கள். ஸ்ட்ராப்பின் மீதி வாலைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் பெயிண்ட்டை அடித்துக்கொண்டே வரும்.

முழுச் சுமைக்கான டயர் அழுத்தம் தனியாகக் கொடுத்திருந்தால், டயர் குளிர்ந்திருக்கும் காலையில் அந்த அளவுக்கு ஏற்றுங்கள். பின்பக்கம் தாழ்வதால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரே வருபவரின் கண் கூசும். டாஷ்போர்டில் விளக்கு மட்டத்தை மாற்றும் சக்கரம் இருந்தால் 1 அல்லது 2க்குத் திருப்பி, ஒரு சுவருக்கு முன் நிறுத்திச் சரிபாருங்கள். கேம்ப் இடத்து மண் வழியில் மேடு வந்தால் நேராக ஏறாமல் சற்றுக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள். கிளம்பி இருபது முப்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, டிக்கியைத் திறந்து பாருங்கள். அதிர்வில் பைகள் அமுங்கியிருக்கும், ஸ்ட்ராப் தளர்ந்திருக்கும்.

எல்லாம் செய்தும் மூடி மூடவில்லையா? அமுக்காதீர்கள், எதையாவது இறக்குங்கள். முதலில் மடக்கு மேசை, பிறகு இரண்டாவது பாத்திரம், பிறகு மூன்று நாளுக்கு மேற்பட்ட துணி (நடுவில் ஒருநாள் துவைத்துக்கொள்ளலாம்), அதன் பிறகு நாற்காலிகள். தண்ணீர், டயர் கிட், முதலுதவிப் பை, ஆளுக்கு ஒரு மெத்தை இவற்றில் கை வைக்காதீர்கள்.