கரண்ட் பில் திடீரென எகிறுகிறது. மீட்டரைப் பார்த்தே எது இழுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

தாராளமாக முடியும். நீங்கள் சப் மீட்டர் (ஓனரின் ஈபி இணைப்பிலிருந்து வரும் கரண்டை நம் போர்ஷனுக்கு மட்டும் எண்ணும் மீட்டர்) போட்ட வாடகை போர்ஷனில் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த மாடியில் ஏசி, ஹீட்டர் எதுவும் கிடையாது. அப்படியும் மாசா மாசம் யூனிட் ஏறியது. "உங்க ஃப்ரிட்ஜ் பழசும்மா" என்றார் ஓனர். எங்கள் வீட்டில் அவரும் ஆமாம் போட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தினமும் பால் காய்ச்சுகிற நேரத்துக்கு மீட்டர் எண்ணைக் காலண்டரில் குறித்தேன். ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்த பிறகும் எண் நகர்ந்திருந்தது.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். எங்களுடையது 3200. அந்தக் கணக்குக்கு 100 வாட் ஓடினால் சுமார் 11 நொடிக்கு ஒரு தரம், 1000 வாட் என்றால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தரம் மினுக்கும். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றேன். விளக்கு அசையவே இல்லை. திடீரென்று நொடிக்கொரு தரம் அடிக்க ஆரம்பித்தது. அதே நேரம் கீழே தண்ணி மோட்டார் ஓடும் சத்தம். மோட்டார் நின்றதும் விளக்கும் நின்றது. மொத்த வீட்டுக்கும் தண்ணி ஏறியது எங்கள் கணக்கில்!

கேட்டதற்கு, "எலெக்ட்ரீஷியன் மாத்திக் குடுத்துட்டான்மா" என்றார். லைனை மாற்றினார், கட்டிய காசு வரவில்லை.

எல்லா ஓனரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, என் மாமியாரும் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்தான். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் போனாலும் கரண்ட் இழுக்கத்தான் செய்யும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

தனி ஈபி மீட்டர் என்றால் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும், அதனால் குறித்து வைப்பது இரட்டிப்பு லாபம். சப் மீட்டர்காரர்களுக்கு அந்த 100 எங்கே வருகிறது? எங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்கினார்கள்.

காலி செய்தபோது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாச வாடகையையும் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் குடிபோனபோதே சுவர் பொரிந்துதான் இருந்தது. போட்டோ வைத்திருக்கிறேன், இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.